பரங்கிக்காய்க்கு நான் கேட்ட ஏலம்

2023 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.40. கள்ளக்குறிச்சியில் தூறல் விட்டுப் புழுக்கம் தொடங்கியிருந்தது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடும் நேரம்.

நான் திருக்கோவிலூர் தாலுகா ஆபீசில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். எண்ணாமல் இருக்க வராது. என் மனைவிக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து அன்றோடு 430 நாள். தினமும் இரண்டு வேளை கட்டிலருகே முழங்கால் போட்டேன். 860 ஜெபம். ஒரு கால்விரல்கூட அசையவில்லை. இந்தப் பண்டிகை வரை பார்ப்பது, அதற்குமேல் முழங்கால் போடுவதில்லை என்று ஆண்டவரிடமே சொல்லிவிட்டிருந்தேன்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எங்கள் தெருவில் நான்காவது வீட்டு அம்மாவுக்கும் அதே மாதம், அதே நோய். அதே டாக்டர், அதே மாத்திரை. எட்டாம் மாதமே நடந்துவிட்டார். அவர் கணவர் அதற்காக சபையில் மூன்று முறை சாட்சி சொன்னார். மூன்று முறையும் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஆராதனையின்போது அந்த அம்மா, கொடியில் காய்த்த முதல் பரங்கிக்காயை இரு கையாலும் அணைத்துக்கொண்டு பீடம் வரை நடந்தார். இருபத்திரண்டு அடி. எங்காவது தடுமாறினால் தேவலை என்று நினைத்தேன். ஆலயத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நினைத்தேன்.

ஏலம் விட்டவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைத் தொழிலாளி, நல்ல தொண்டை. வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் வந்தவர்களின் சாமை மூட்டை போனது, ஒரு சேவல் போனது. அடுத்தது பரங்கிக்காய். நான்காவது வீட்டுக்காரர் நூறு என்றார். மனைவி வைத்த காயை அவரே எடுத்துத் தெருவுக்குக் காட்டப்போகிறார் என்று எனக்குப் பட்டது. இருநூறு என்றேன். அவர் முந்நூறு. ஆயிரத்தைத் தாண்டியதும் முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னா சார், உள்ள தங்கம் கிங்கம் இருக்குதா?” என்றார் ஏலம் விட்டவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. நான் 2,350 ரூபாய் என்றதும் நான்காவது வீட்டுக்காரர் கையை இறக்கினார்.

பணம் கட்டும்போது அவரும் அந்த அம்மாவும் என் பக்கத்தில் வந்தார்கள். “உங்க வூட்டுக்குக் குடுக்கத்தான் சார் கேட்டுக்கினு இருந்தேன்” என்றார் அவர். “மொதல் காய் ஆண்டவருக்கு. அத ஏலத்துல எடுத்து அக்காவுக்குக் குடுக்கலாம்னு இவதான் சொன்னா. கூட்டு செஞ்சா அக்கா ஜாஸ்தி சாப்புடுவாங்களாமே.”

அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: “காலைல ஜெபத்துல மொதல்ல அக்கா பேருதாங்க. அப்புறந்தான் என் காலு.”

அங்கேயே நின்று கணக்குப் பார்த்தேன். என் 860 ஜெபத்தில் அந்த அம்மாவின் சுகத்துக்காக ஒன்றுகூட இல்லை. பெயரைச் சொன்னதெல்லாம், அவருக்கு மட்டும் ஏன் கொடுத்தீர் என்று கேட்கத்தான்.

நாலு கிலோ காய். ஆட்டோ வைத்துக்கொண்டு வீடு போனேன். மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை. அவள் ஒரு பக்க உதட்டால், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். “நம்ம வூட்டுக்கு வர்ற காய்க்கு... நீங்களே போட்டியா?” என்று குழறலாகக் கேட்டாள். சாயங்காலம் இடக்கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினாள். ஜெப நேரம் என்று அர்த்தம். தீர்மானம் எல்லாம் இருக்கட்டும் என்று முழங்கால் போட்டேன். நான்காவது வீட்டு அம்மாவின் பெயரை முதலில் சொன்னேன். சொல்வதற்கு நேரம் பிடித்தது.

என் மனைவி இன்னும் நடக்கவில்லை. ஏன் என்று இன்றும் கேட்கிறேன், பதில் இல்லை. அந்த அம்மா கடைக்குப் போகும்போது அடிகளை எண்ணும் புத்தியும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் முழங்கால் போடுவதை நிறுத்தவில்லை. அவளுக்காக ஆண்டவரிடம் நான் ஒருவன்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று 430 நாள் நினைத்திருந்தேன்; அப்படியில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு, ஆட்டோ 120 சேர்த்து, 2,470 ரூபாய்.