கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர்பேடு

மரக்காணத்தில் டிராக்டர் டேங்கரில் குடிதண்ணீர் விற்பவன் நான். எங்கள் தொழிலில் ஒருவர் கொட்டேஷன் போட்டால், ஒப்புக்கு இன்னும் இருவர் அதிக விலை போட்டுக் கொடுப்பது வழக்கம்.

சுனாமிக்குப் பிறகு அனுமந்தைத் தற்காலிகக் குடியிருப்புக்குத் தண்ணீர் விட யூனியன் அலுவலகத்தில் கொட்டேஷன் கேட்டார்கள். என் வண்டி ரிப்பேரில் இருந்தது. இதே தொழில் செய்யும் ஒருவர் வந்து, "ஏம்பா, ஒப்புக்கு உன் லெட்டர்பேடுல கையெழுத்து மட்டும் போட்டுக் குடு, வெலைய நான் எழுதிக்கிறேன்" என்றார். சீலும் குத்திக் கொடுத்தேன்.

வண்டி சரியானதும் அடுத்த மாதத்துக்கான கொட்டேஷனோடு நானே அந்த அலுவலகம் போனேன். கிளார்க் என் பழைய லெட்டர்பேடைக் காட்டினார். அந்த மனிதர் அதில் குறைந்த விலை எழுதி, என் பெயரிலேயே ஆர்டர் வாங்கி, உப்பளத்து ஓரத்து போர்வெல்லின் உவர்த்தண்ணீரைக் குடியிருப்பில் ஊற்றியிருக்கிறார்.

"கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமாங்க."

"இனிமே உங்க கொட்டேஷனை வாங்க மாட்டோங்க."

உண்மையைச் சொன்னால் ஒப்புக்குக் கொடுத்த குற்றமும் சேரும். கொட்டேஷனை மடித்துக்கொண்டு டிராக்டரில் ஏறினேன்.

வழியில் அனுமந்தையில் ஒரு பெண், தண்ணீர் விட்டவன் என்று அங்கே அடிபட்ட என் பெயரை டேங்கரில் பார்த்துவிட்டாள். "உன் தண்ணி வேணாம்ணே. புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க."

இப்போது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை. டேங்கரில் என் பெயரையும் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டேன். அப்படியும் குடத்தோடு யாரும் வருவதில்லை.