மடையில் குத்திய குழை

விமலேஸ்வரிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. விசுவமடுவில் அதை அறியாதவர் இல்லை. தேத்தண்ணியைக்கூட முற்றத்தில் நடந்தபடிதான் குடிப்பாள். சண்டை முடிந்தது, முகாம் வாழ்க்கையும் முடிந்தது, இவள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். பகிடி பண்ணுகிறவர்களும் அதே பாதையால் ஓடியவர்கள்தான்.

பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த சுதாஜினி ஊர்ப் பெண்களிடமே கமராக்களைக் கொடுத்தாள். "உங்கட வாழ்க்கையை நீங்களே படமெடுங்கோ. எதைக் காட்டிறது எண்டு எல்லாருமாச் சேர்ந்து முடிவெடுப்பம்" என்றாள்.

முதலில் எழும்பியவள் விமலேஸ்வரி. "முகாமில எங்களை எத்தினை பேர் படம் எடுத்தவை! ஒருத்தரும் எங்களைக் கேக்கேல்லை. படத்தில இருக்கிற ஆள் ஓமெண்டு சொல்லாமல் ஒண்டையும் காட்டக்கூடாது. அப்பிடியெண்டால் நான் வாறன்."

அதுவே விதியாயிற்று. தன்னுடைய விதி என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அது சிறுபோகம், கோடை நெல்லின் காலம். குளத்தில் தண்ணீர் குறைவு என்பதால் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். முறைக்காரர் தன் வயல் மடையில் ஒரு பூவரசங்குழையை, இலையோடு முறித்த கொப்பை, குத்துவார். போதுமென்றால் அவரே அதைப் பிடுங்குவார். பிறகு தண்ணீர் அடுத்த வயலுக்கு. பக்கத்து வயல்காரி மீனம்மாவின் மடையில் குழை நின்றபோது, தண்ணீர் பாய்வதை எடுக்க விமலேஸ்வரி கமராவை வரம்பில் வைத்தாள். பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியுமா? தன் கச்சான் கடலைத் தோட்டத்துக்குள் மாடு இறங்கியதும் அதைக் கலைக்க ஓடிவிட்டாள். கமரா ஓடிக்கொண்டே இருந்தது.

அன்று மீனம்மாவின் வயல் அரைவாசிகூட நனையவில்லை. குழை பிடுங்கப்பட்டிருந்தது. "நான் புடுங்கல" என்று வயல் செய்யும் கமக்காரர் கூட்டத்தில் மீனம்மா கத்தினாள். குழை இல்லையென்றால் முறை முடிந்தது என்றார் தலைவர் சிற்றம்பலம். மீனம்மாவுடையது மலையகத்திலிருந்து வந்து குடியேறி ஒரு தலைமுறை ஆன குடும்பம். அவர்களுடைய சொல்லை நம்ப ஊருக்கு அது போதாதாம்!

சில நாட்கள் கழித்து, காட்டுவதற்கு நல்ல துண்டு தேடி விமலேஸ்வரி வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். ஒரு ஆள் வந்தார். அங்குமிங்கும் பார்த்தார். குழையைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். அவளுடைய கணவன் சுதாகரன். அவள் கமராவோடு அவனிடம் போனாள்.

"இஞ்சருங்கோ, என்ன வேலை இது?"

"அடுத்த முறை எங்கடதானே, எங்கட நெல்லும் காயுது. அழிச்சுப்போடு. நான் ஓமெண்டால்தானே நீ காட்டலாம்? நான் சொல்லமாட்டன்."

அதன்பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டிய முற்றத்தையே திரும்பக் கூட்டினாள். நிறைகுடத்தோடு மறுபடியும் கிணற்றடிக்குப் போனாள். கடைசியில் கமராவைத் தூக்கிக்கொண்டு மீனம்மாவின் வீட்டுக்கே போய்க் காட்டினாள்.

"போடு புள்ள, ஊரே பாக்கட்டும்" என்றாள் மீனம்மா.

"அவர் ஓமெண்டு சொல்லேல்லை, அக்கா."

மீனம்மா அவளை நேராகப் பார்த்தாள். "இதுல நான் இல்ல, என் குழதான் இருக்கு. புடுங்குனவரக் கேக்க விதி இருக்கு, என்னைக் கேக்க விதி இல்ல. நல்ல விதி வச்ச, போ!"

ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் படங்கள் ஓடின. ஒருத்தியின் கோழிகள், இன்னொருத்தியின் குசினி அடுப்பு. சனம் சிரித்தது. விமலேஸ்வரி மட்டும் பின்வரிசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவளுடைய குடும்பம் குலையும். சொல்லாவிட்டால் மீனம்மாவின் வயல் காயும்.

"விமலேஸ்வரியக்கா, உங்கட படம்?" என்றாள் சுதாஜினி.

"காட்ட ஏலாது. படத்தில இருக்கிறவர் ஓமெண்டு சொல்லேல்லை."

சுதாகரன் நிம்மதியாகச் சுவரில் சாய்ந்தான்.

"காட்டக்கூடாது எண்டுதான் விதி. சொல்லக்கூடாது எண்டு நான் விதி வைக்கேல்லை. மீனம்மாக்கா குழையைப் பிடுங்கேல்லை. பிடுங்கினது என்ர மனுசன். எங்கட அடுத்த முறைத் தண்ணியை அவாவுக்கு விடுங்கோ."

"படத்தைப் பாக்காமல் எப்பிடி நம்பிறது?" என்றார் சிற்றம்பலம்.

"அந்த மனுசி சொன்னதையும் நம்பேல்லை. நான் சொல்றதையும் நம்பமாட்டியளோ?"

எல்லாத் தலைகளும் சுதாகரன் பக்கம் திரும்பின. அவன் சுவரை விட்டு விலகி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஊருக்கு அது போதுமாயிருந்தது.

அடுத்த முறைக்கு மீனம்மா புதுக்குழை குத்தினாள். விமலேஸ்வரி வந்து அதற்குப் பக்கத்தில் வரம்பில் நின்றாள். அவளிடம் கமரா இல்லை. மாடு கச்சானுக்குள் இறங்கியது. மீனம்மா கைகாட்டிக் கத்தினாள். விமலேஸ்வரி திரும்பியும் பார்க்கவில்லை. மீனம்மாவின் வயல் நிரம்பும்வரை அவள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை.