சாத்தான் முகத்துத் தழும்பு

எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்; ஒன்றையும் கடலுக்கு அனுப்பவில்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் மாதா கோயில் திருவிழா நாடகத்தில் வருஷாவருஷம் அப்பாதான் சாத்தான். மற்ற நாளில் சங்கு குளிப்பவர். அவர் இடுப்பில் கட்டிக்கொண்டு மூழ்கும் கயிறு, தோணியில் இருக்கும் அம்மாவின் அண்ணனான என் மாமாவின் கையில் இருக்கும். கயிறு அசைந்தால் மேலே இழுக்க வேண்டும். தங்கையின் தாலியை அண்ணன் காப்பான் என்று, அவள் புருஷனின் உயிரை வேறு யாரிடமும் நம்பிக் கொடுக்க மாட்டார்கள். நாடகத்துக்கு முகமூடி செய்வதும் மாமாதான்.

அந்த வருஷம் அப்பாவின் முகத்திலேயே அச்செடுத்தார். முற்றத்தில் படுக்கவைத்து, எண்ணெய் தடவி, மூச்சுவிட மூக்கில் இரண்டு பப்பாளி இலைத் தண்டைச் செருகி, புளியங்கொட்டைப் பசையில் நனைத்த தாள்களை அடுக்கடுக்காக ஒட்டினார். கண்ணும் வாயும் மூடிப்போயின. பிறகு அப்பாவின் மணிக்கட்டில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைச் சின்னப் பெண்ணான என்னிடம் தந்தார்.

"ஏளா, காயுற வரைக்கும் இதப் பிடிச்சுக்கிட்டு இரு. மூச்சு முட்டுனா ஒங்கப்பன் இழுப்பான். ஒடனே பிச்சு எடுத்துரு. கயிறு அசையலன்னா முகமூடியத் தொடக்கூடாது."

சொல்லிவிட்டு, கொம்புக்குக் கம்பி வாங்கப் போய்விட்டார்.

நான் அப்பாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது. அதை விட்டால் அப்பா என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. முகம் இருந்த இடத்தில் ஈரத் தாள். ஒரு தண்டு நழுவி விழுந்தது. வயிறு நின்றுபோனது.

"யப்பா" என்றேன். கயிறு அசையவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அசையவே இல்லை. கயிற்றைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகமூடியைப் பிய்த்தேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "பசை மூக்குல எறங்கிச்சு. தும்முனா எல்லாம் கெட்டுப்போகுமேன்னு மூச்ச அடக்கிக்கிட்டுக் கெடந்தேன். கடலுக்கடியில இதவிட நேரம் கெடப்பேன்ளா" என்று சிரித்தார்.

மாமா திரும்பி வந்து, முகமூடி நெற்றியிலிருந்து தாடை வரை கிழிந்து கிடந்ததைப் பார்த்தார்.

"கயிறு அசைஞ்சுதா?"

"இல்ல மாமா."

"பொறவு எதுக்குளா பிச்ச?"

அடுக்களையிலிருந்து அம்மா, திரும்பாமலே சொன்னாள்: "அசையாத கயிறப் பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம்ணே இருக்க முடியும்?"

அப்பாவின் சிரிப்பு நின்றது. மாமா கிழிசலை ஒட்டினார். அந்த வருஷம் சாத்தானுக்கு முகத்தில் பெரிய தழும்பு. முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அலறின.

அப்பா சங்கு குளிக்கப் போகும் நாளில், தோணி கரை சேரும்வரை அம்மா அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். விறகை மிச்சம் பிடிக்கிறாள் என்றுதான் அன்றுவரை நான் நினைத்திருந்தேன்.

ஏளா பேத்தி, இங்கன வந்து இத வாசிச்சுக் காட்டு. எங்கம்மா பேசுத எடத்துல மட்டும் அவசரப்படாத.