பெண் வீட்டாரும் பற்றிக்கொண்ட எண்ணெயும்

இப்போதெல்லாம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிறார்கள். சமையலறை வரைக்கும் வந்து பார்க்கிறார்கள். வரட்டும். என் சமையலறையில் மறைக்க வேண்டியது எதுவும் இருந்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

என் கடைசிப் பிள்ளைக்கு வயது ஏறிக்கொண்டே போனது. வந்த இடமெல்லாம் தட்டிப்போனது. கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு அம்மா தன் பெண்ணோடு வருவதாகச் சொன்னதும் வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு கரைத்தேன். தாம்பரத்தில் என் பஜ்ஜிக்கு நிகர் கிடையாது. இதை நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பிட்டவர்களுக்கு வாய் நிறைந்திருக்கும்.

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை வாசலில் நின்று போனில் அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்ன வழியில் வந்தால் குன்றத்தூருக்குத்தான் போய்ச் சேருவார்கள். போனைப் பிடுங்கி நானே சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே வந்தால் கடாயில் தீ.

பின்னாலேயே ஓடிவந்தவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினான்.

"ஊத்தாதடா! எண்ணெ சீறிக்கினு வந்து ரெண்டு பேரும் வெந்துடுவோம்!"

கேஸை அணைத்தேன். இட்லிப் பானை மூடியைப் பக்கவாட்டில் தள்ளிக் கடாயை மூடினேன். தீ அடங்கியது. பிள்ளைதான் அடங்கவில்லை.

"அணைஞ்சிச்சான்னு தொறந்து பாக்கட்டாம்மா?"

"தொட்டா கைய ஒடச்சிடுவேன். ஆறாம தொறந்தா மறுபடியும் பத்திக்கும்."

"அவங்க வர்றதுக்குள்ள கடாயத் தூக்கிப் பின்பக்கம் வெச்சிடட்டா?"

"தூக்கி கால்ல கொட்டிக்கோ. நொண்டி மாப்பிள்ளைய யாருக்குப் பிடிக்குதுன்னு பாப்போம்."

காலிங் பெல் அடித்தது. பெண்ணின் அம்மா நேராகச் சமையலறைக்குள் வந்தார்.

"என்னங்க, ஒரே புகையா இருக்கு?"

"சாம்பிராணிங்க."

"அடுப்புல என்ன ஸ்பெஷல்?" என்று மூடிப் பக்கம் கையை நீட்டினார். குறுக்கே போய் நின்றேன்.

"அதத் தொறக்கக் கூடாதுங்க."

"ஏன், கருவாடா? நாங்களும் சாப்பிடுவோமே."

"கருவாடு இல்லீங்க."

"அப்ப எங்களுக்குக் காட்டக் கூடாத ஐட்டமா?" அவர் முகம் சுருங்கிப்போனது. மகளிடம் திரும்பி, "கிளம்பலாமா?" என்றார்.

பிள்ளை என்னைப் பார்த்தான். என் அடுப்பில் எண்ணெய் பற்றியது என்று என் வாயாலேயே சொல்ல வேண்டிய நிலை. சொன்னேன்.

"எண்ணெ பத்திக்கிச்சுங்க. மூடி வெச்சிருக்கேன். நீங்க தொறந்தீங்கன்னா பட்டுப் புடவையும் சேந்து பத்திக்கும்."

நீட்டிய கை சட்டென்று முந்தானைக்குள் போனது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"எங்க வீட்லயும் அப்பளம் பொரிக்கும்போது பத்திக்கிச்சு ஆன்ட்டி. அம்மா தண்ணிய ஊத்திட்டாங்க. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. சீலிங்தான் இன்னும் கறுப்பா இருக்கு."

"நீ சும்மா இருடி!"

அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது. கடாய் ஆறும் வரை யாரையும் அடுப்பிடம் விடவில்லை. காபியைத் தெருமுனைக் கடையிலிருந்து வாங்கிவரச் செய்தேன்.

கிளம்பும்போது அந்த அம்மா, "அடுத்த வாரம் நம்ம வீட்டுக்கு வாங்க சம்பந்தி. பஜ்ஜி நான் போடுறேன்" என்றார்.

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் பிள்ளை தலைகால் புரியாமல் அந்த அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு வழியனுப்பப் போனான்.

அடுத்த வாரம் போனோம். பஜ்ஜியில் உப்பு கம்மி. தாலி கட்டி முடியும்வரை அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.