முப்பத்தொன்பதாவது அப்பா

மணி நாலே காலைத் தாண்டி, கடைசி வேனும் தொண்டாமுத்தூர் ரோட்டில் திரும்பி மறைந்ததும், அன்புக்கரசி டீச்சர் இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவின் வருகைப் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு போனை எடுக்கிறார். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேராகவும் ஒரு நம்பர். ஒரு நாளைக்குப் பத்துப் பேர்.

"ஏனுங்க, அன்புக்கரசி டீச்சர் பேசறனுங்க. இந்த நம்பர் இன்னமும் உங்களுதுதானுங்களா?"

"போன வாரந்தானுங்க டீச்சர் கேட்டீங்க."

"அது போன வாரமுங்க. இன்னைக்குச் சொல்லுங்க."

சொன்னபிறகு சிவப்பு மையில் ஒரு சின்ன டிக். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உள்ள எல்லா நம்பர்களுக்கும் டிக் விழுந்ததும், மறுபடியும் முதல் பெயரில் ஆரம்பிப்பார்.

வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாக அதே இரண்டாம் வகுப்பு. கைப்பையில் ஊக்கு, சீப்பு, யாராவது வாந்தி எடுத்தால் மாற்றிவிட ஒரு கவுன். சட்டைப் பொத்தான் அறுந்த பிள்ளையை மேஜைமேல் உட்காரவைத்து, கதை சொல்லிக்கொண்டே தைத்துவிடும் கை அவருடையது. அந்தக் கை இப்போது சாயங்காலங்களில் பள்ளி கேட்டில் குறுக்கே நீள்கிறது. கூட்டிப்போக வரும் ஒவ்வொரு ஆணையும் நிறுத்தி, "கண்ணு, இவிங்க யாரு?" என்று பிள்ளையைத்தான் கேட்பார். ஒரு தகப்பன் சிரித்துக்கொண்டே, "மூக்கப் பாருங்க டீச்சர், அச்சு என்னுதுதான். இதுக்கு மேல ஆதார் வேணுங்களா?" என்றார். கேட்டில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. பிள்ளை "அப்பா" என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.

போன வருடம் இந்தக் கை இப்படி இல்லை.

போன வருடம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். தினமும் சாயங்காலம் பிள்ளை வாய்ப்பாடு சொல்வதை அம்மா போனில் படம் பிடித்துக் குழுவில் போடவேண்டும். டீச்சர் ஏற்படுத்திய வழக்கம்தான். ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே ஒரு நம்பரிலிருந்து தவறாமல் பதில் வரும். "அருமைங்க டீச்சர்." "பாப்பா நல்லா சொல்லுதுங்க." பெயர் இருக்காது, மருதமலைக் கோபுரப் படம் மட்டும் இருக்கும். மற்ற பெற்றோர் மூன்று நாள் கழித்துக் கட்டைவிரலைக் காட்டும்போது, இந்த மனிதர் மட்டும் வாய்க்கு வாய் 'ங்க' போட்டுப் பேசினார். டீச்சர் சனிக்கிழமைதோறும் நல்ல பெற்றோருக்குக் குழுவில் நட்சத்திரம் கொடுப்பார். மூன்று நட்சத்திரம் அந்த நம்பருக்கே போனது. "அந்த அங்கிள் எவ்வளவு மரியாதையாப் பேசறாங்க பாருங்க, அப்படிப் பேசோணும்" என்று வகுப்பிலும் சொன்னார்.

யாருடைய அப்பா என்று அவர் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. மரியாதையாகப் பேசுகிறவரிடம் "நீங்க யாரு?" என்று கேட்பது, வீடு தேடி வந்தவரை வாசலிலேயே நிறுத்துவது மாதிரி. இந்தப் பக்கத்தில் அது யாருக்கும் வராது. வேறு யாரோ ஒரு பிள்ளையின் அப்பா என்று முப்பத்தெட்டு வீடுகளும் நினைத்துக்கொண்டன.

நடுவருடத்தில் வெள்ளகோவிலுக்கு மாறிப்போன ஒரு குடும்பத்தின் பழைய நம்பர் அது. அவர்கள் அந்த சிம்மை விட்டுவிட, அது வேறு எவன் கைக்கோ போயிருக்கிறது. குழுவிலிருந்து அதை யாரும் எடுக்கவில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முப்பத்தொன்பது அப்பாக்கள்.

நந்திதா என்ற ஏழு வயதுக் குழந்தையை அவன் தேர்ந்தெடுத்தான். அவள் அம்மா புவனா மாடு கறக்கப் போகும் நேரத்தில் போன் குழந்தையின் கையில் இருக்கும். "அங்கிளுக்கு மட்டும் தனியா ஒண்ணு அனுப்புங்க கண்ணு" என்று ஆரம்பித்தது. அனுப்பியதும் அழிக்கக் கற்றுக்கொடுத்தான். வேன் நிற்கும் இடத்தைக் கேட்டான். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காலை வேன் நிறுத்தத்தில் பைக்கோடு நின்றான். குழந்தை தானாகவே நடந்துபோய் ஏறி உட்கார்ந்தாள். வேனில் வந்த ஆயா சென்னியம்மாள் பாய்ந்து புத்தகப்பையோடு சேர்த்து இழுத்திருக்காவிட்டால், பெற்ற வயிறு இன்று என்ன பாடு பட்டிருக்குமோ. அவன் போனவன் போனவன்தான். போலீஸ் தேடிப் பார்த்தது. சிம் ஒரு செத்துப்போன கிழவரின் பெயரில் இருந்தது.

அன்று டீச்சர் நந்திதாவை மடியில் வைத்து, முன்பின் தெரியாத ஆளோடு ஏன் கண்ணு ஏறினாய் என்று கேட்டார். குழந்தைக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"நீங்கதானுங்க மிஸ் சொன்னீங்க, அந்த அங்கிள் நல்லவிங்கன்னு."



நந்திதாவின் அப்பா கதிர்வேல் குழந்தையை இரண்டு அறை அறைந்து, போனைக் களத்துக் கல்லில் போட்டு உடைத்தார். வீட்டுப்பாடம் போனில்தான் வருகிறது என்று அடுத்த மாதமே புதுசு வாங்கினார். பள்ளித் தாளாளர் டேவிட்சன் கதவைச் சாத்திக்கொண்டு, "வெளிய தெரிஞ்சா அட்மிஷன் போயிருமுங்க டீச்சர்" என்று கெஞ்சினார். மன்றாடி, அழுது, ஜூன் மாதம் ஒரே ஒரு பெற்றோர் கூட்டத்துக்கு அனுமதி வாங்கினார் டீச்சர். வந்தவர்கள் ஒன்பது பேர். யூனிஃபார்மோடு பிள்ளை படத்தை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், தெரியாத நம்பரைக் கேள்வி கேளுங்கள், பிள்ளை வந்து சொன்னால் அடிக்காதீர்கள் என்று தொண்டை கட்டக் கட்டச் சொன்னார். முன்வரிசையில் ஒரு தாய், நிம்மதியாகக் கேட்கவேண்டும் என்று, அழுத கைக்குழந்தையிடம் தன் போனைக் கொடுத்துவிட்டாள். பிள்ளை அடங்கிவிட்டது. அன்று சாயங்காலமே பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் விளையாட்டு விழாப் படங்கள் ஏறின. பெயர், வகுப்பு, பிரிவு எல்லாவற்றோடும்.

நந்திதா இப்போது மூன்றாம் வகுப்பு. வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடியவள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாளாம். போன வாரம் மதியம் தண்ணீர்க் குழாயடியில் டீச்சர் அவளைத் தனியாகப் பார்த்தார். ஓடிப்போய் எதிரே குனிந்தார்.

"சாப்டாச்சா கண்ணு?"

குழந்தை தண்ணீர்ப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உதடு அசைந்து நின்றது. இனிக்க இனிக்கப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், எத்தனை தெரிந்தவராக இருந்தாலும், அம்மாவைக் கேட்காமல் பதில் சொல்லாதே. அந்த பைக் போன மறுவாரம் வகுப்பு முழுவதையும் நிற்கவைத்து, நூறு முறை சொல்லவைத்தவர் டீச்சரேதான்.

"அம்மாவக் கேட்டுட்டு நாளைக்குச் சொல்றனுங்க மிஸ்" என்றாள் நந்திதா.

அன்புக்கரசி டீச்சர் நிமிர்ந்தார். தலையைத் தடவ நீட்டியிருந்த கையை இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒதுங்கிக் குழந்தைக்கு வழி விட்டார்.