கடலுக்குப் போன எண்ணெய் கேன்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் அந்த யோசனை எனக்கு வந்தது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெயருக்குத் தேனிலவு. டெம்போ டிராவலரின் முன் வரிசையில் மாமனார், மாமியார். அடுத்த வரிசைகளில் நாத்தனார் குடும்பம், நடுவே ஓர் அண்டா புளிசோறு. கடைசி சீட்டில் நானும் அவரும், எங்களுக்கு இடையில் ஒரு தர்ப்பூசணி. வண்டி திரும்பும்போதெல்லாம் அது உருண்டு என் மேல் வந்து விழும். நான் அவர் பக்கம் தள்ளுவேன். அடுத்த வளைவில் திரும்ப வரும். எங்கள் தேனிலவில் அதிகம் கொஞ்சப்பட்டது அந்தத் தர்ப்பூசணிதான்.

அப்போது தோன்றியது. டெம்போ போக முடியாத ஊருக்குப் போக வேண்டும். தீவு!

ஒன்று பிடித்துவிட்டால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மலை இறங்கி கோயம்புத்தூர் வருவதற்குள் அந்தமான் பவளப்பாறைகளை போனில் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். முகத்தில் கண்ணாடி, வாயில் ஒரு குழாய், கடல்மேல் குப்புற மிதந்தபடி கீழே வேடிக்கை பார்க்கலாம். ஒரு படத்தில் இரண்டு பேர் கை கோத்து மிதந்துகொண்டிருந்தார்கள், கீழே நீல மீன்கள். எனக்கு அது வேண்டும் என்று முடிவே செய்துவிட்டேன். அவரிடம் காட்டினேன்.

"நல்லா இருக்குதுங்க," என்றார், உப்புமாவைச் சொல்லும் அதே குரலில்.

எனக்கு அது போதும். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டேன். பெருந்துறைக்குப் பக்கத்தில் அவர்கள் தோட்டத்தில் பெரிய கிணறு இருக்கிறது, படிக்கட்டோடு. அந்தக் கிணற்றங்கரையில் வளர்ந்தவரிடம் நீச்சல் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா? நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போயிருந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன். அத்தை ரசக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டார்.

"கடல்ல மெதக்கறதா? இவனா? ஏங் கண்ணு, கெணத்த எட்டிப் பாக்கச் சொன்னாலே இவன் அக்கட்டால போயிருவானே!"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கதை மாமனார் வாயிலிருந்து வந்தது. அங்கே பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவதென்றால், காலி எண்ணெய் கேனை முதுகில் கட்டிக் கிணற்றுக்குள் தள்ளிவிடுவார்கள். கேன் மிதக்கும், பிள்ளையும் மிதக்கும், கையைக் காலை அடித்து அடித்து நீச்சல் வந்துவிடும். இவருக்கு மட்டும் கயிறு அவிழ்ந்துவிட்டது. கேன் ஒரு பக்கம் மிதந்தது, பிள்ளை உள்ளே போய்விட்டது. மாமனார் குதித்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு இவர் ஒரு படிகூட இறங்கியதில்லை.

"பம்பு டிசைன் பண்றவருக்குத் தண்ணின்னா பயமாங்க?" என்றேன்.

"தண்ணிய மேல கொண்டு வாரதுதான் என்ற சோலி, அம்மணி. நாங் கீழ எறங்கறதில்ல."

எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் எனக்குப் பொக்கென்று போய்விட்டது. கை கழுவும் இடத்தில் மெல்லக் கேட்டேன், "கேன்சல் பண்ணிரட்டுங்களா?"

அவர் என் போனை வாங்கி அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "இந்த நீல மீனு கரையில நின்னா தெரியாதுங்களா?"

"தெரியாதுங்க."

"அப்படின்னா மொதல்ல நம்ம தொட்டியில பாப்போம்."

தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும் சிமென்ட் தொட்டி அது. மார்பளவுத் தண்ணீர். ஞாயிறுதோறும் நாங்கள் கண்ணாடியும் குழாயுமாக அதில் இறங்கினோம். அத்தை தென்னை நிழலில் கடலைக்காய் உரித்தபடி உட்கார்ந்திருப்பார்.

"ஏஞ் சாமி, எருமகூடத் தண்ணியில எறங்க இத்தன ரோசன பண்ணாது!"

"அம்மா, நீ வேணா வந்து எறங்கு."

"நானெதுக்கு? எனக்கா நீல மீனு வேணும்?"

அவர் முகத்தைத் தண்ணீரில் வைக்கவே இரண்டு ஞாயிறு ஆனது. பிறகு குழாயில் மூச்சு விடப் பழகினார். தொட்டிக்கு அடியில் கிடந்த தென்னம்பாளையை எனக்குக் கைகாட்டும் அளவுக்கு வந்துவிட்டார். ஆனால் கால் மட்டும் தரையை விடவில்லை. எவ்வளவு சொல்லியும் கட்டைவிரலாவது ஊன்றியிருக்கும். கடலில் ஊன்றத் தரை இருக்காதே! அந்தக் கவலையோடுதான் கிளம்பினோம்.

விமான நிலையத்தில் அவருடைய கைப்பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே துணிக்கு நடுவில் ஒரு காலி பிளாஸ்டிக் கேன், கழுத்தில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் ஒரு வளையத்தோடு. சோதனை செய்தவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். கடலை எண்ணெய் வாசம்.

"எதுக்குங்க இது?"

"கடல்ல கட்டிக்கறதுக்குங்க," என்று நான்தான் சொன்னேன். பைக்குச் சொந்தக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பையை மூடியதும் அத்தையைப் போனில் பிடித்தோம். "அங்க என்னத்தக் கட்டி உடுவாங்களோ, ஆருக்குத் தெரியும்? அன்னிக்கு முடிச்சுப் போட்டது உங்க மாமன். இது நான் போட்டது. கேன்ல இருக்கற முடிச்ச அவுத்துப்போடாதீங்க, வளையத்த அப்படியே இடுப்புல மாட்டுங்க."

தீவில் எங்களைக் கடலுக்குள் கூட்டிப்போன பையன் தமிழ் பேசினான். மிதவை ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, கேனைப் பார்த்தான்.

"அண்ணே, ஜாக்கெட்டே போதும்ணே. இது எதுக்கு?"

"ரெண்டும் இருக்கட்டுங்க."

"சரிண்ணே. பாறைமேல உக்காந்து வடை சுடப் போறீங்களோன்னு நெனச்சேன்."

கரையோரத்தில் மணல் தெரிந்தது. இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. அதற்கு மேல் மணல் சரிந்து இறங்கிவிட்டது. அவர் நின்றுவிட்டார். என் கையை அவர் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் அழுந்தியது. இங்கேயே நின்றுகொள்ளுங்கள், நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தனியாகப் பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?

"போலாமுங்களா?" என்றேன்.

அவர் குழாயை வாயில் வைத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்தார். நானும் வைத்தேன். கீழே மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம். அதற்குள்ளிருந்து நீல மீன்கள் ஒரு கூட்டமாக வெளியே வந்தன, திரும்பின, உள்ளே போய்விட்டன. இன்னொரு முறை வந்தபோது அவர் அவற்றைக் காட்டக் கையை நீட்டினார். குழாய்க்குள்ளிருந்து "ம்ம்! ம்ம்!" என்று சத்தம். திரும்பிப் பார்த்தேன். இரண்டு காலும் பின்னால் நீண்டு மிதந்துகொண்டிருந்தன. அவருக்கே அது தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி, குழாயைப் பிடுங்கிவிட்டுக் கத்தினார். "இந்தக் கேன அவுத்து உடுங்க தம்பி, திரும்ப உட மாட்டேங்குது!"

பையன் முயன்றான், நான் முயன்றேன். அத்தையின் முடிச்சு அசையவில்லை. வளையமும் நனைந்து இறுகிப்போயிருந்தது. ஆகவே மீதிக் கடலையும் கேன் பின்னால் ஆடி ஆடி வர, கை கோத்துக்கொண்டேதான் பார்த்தோம். நான் ஆசைப்பட்ட படத்தில் கேன் இல்லை. எங்களுடைய படத்தில் இருக்கிறது, எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஊருக்கு வந்து கேனைத் திருப்பிக் கொடுத்தபோது அத்தை முதலில் முடிச்சைத்தான் பார்த்தார். "பாத்தீங்களா? அவுந்துச்சா?" என்றார் மாமனாரிடம். மாமனார் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

போன வாரம் பேக்கரியில் டீ குடிக்கும்போது அவராகவே ஆரம்பித்தார். "கடல்ல அடி தெரிஞ்சுதுங்க, அம்மணி. கெணத்துல தெரியாது. அதான் எனக்குப் பயம்."

"கண்ணாடி மாட்டிட்டுப் பாத்தா தெரியுமில்லீங்க?"

அவர் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டே யோசித்தார். அதற்குள் நான் தண்ணீரில் நனையாத டார்ச் ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

ஆகவே இந்த ஞாயிறு கிணறு. நான் கல்லூரி நீச்சல் குளத்தில் பழகியவள், கிணறு எனக்கும் புதிதுதான். கேனை அத்தை கழுவி வெயிலில் வைத்திருக்கிறார். மாமனார் கரையில் நிற்பார். படி முடிகிற இடத்தில் காலை எடுத்துவிட்டு, இரண்டு பேரும் முகத்தை உள்ளே வைத்துப் பார்க்கப் போகிறோம். நீல மீன் இருக்காது. முன்பு எப்போதோ கயிறு அறுந்து விழுந்த பழைய மோட்டார் ஒன்று அடியில் கிடப்பதாக மாமனார் சொல்கிறார். அது எந்த மாடல் என்று இவருக்குத் தெரிந்தே ஆக வேண்டுமாம்.