வான்கோழிக்குக் கடைசி வாய்

அன்று காலை காட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். துப்பாக்கி வைத்திருந்த ஜெர்மன்காரர், அவரோடு ஜெர்மனியின் ஆஹென் நகரில் ஒரே பிஸ்கட் ஆலையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணை, அண்ணை வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்த மாணவனாகிய நான். வராதவர் ஒருவர்: ஜெர்மன்காரரின் மனைவி. அவர் வந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

இத்தனைக்கும் விஷயம் தொடங்கியதே அவருடைய சுவரில்தான். அவர்கள் வீட்டு வரவேற்பறை முழுக்க மான்கொம்புகள். சோபாவுக்கு மேலே மட்டும் ஓர் இடம் காலி. இனி ஒரு கொம்புகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று அந்த அம்மா அடித்துச் சொல்லியிருந்தார். வருஷக்கணக்காகக் கெஞ்சி, ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தார் கணவர். காட்டு வான்கோழிக்கு. ஜெர்மனியில் அது கிடைப்பதே அபூர்வம். ரைன் நதிப் பக்கம் ஒரு காட்டில், எந்தக் காலத்திலோ யாரோ கொண்டுவந்து விட்ட கூட்டத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அங்கே ஒரு சேவலைச் சுட அந்த வசந்தத்தில்தான் அவருக்கு முறை வந்தது.

வேட்டைக்குச் சில நாள் முன்னால் தன் வீட்டில் எங்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே ஜெர்மன்காரர் சுவரின் காலி இடத்தைக் காட்டினார். "அது வான்கோழிக்கு. இறைச்சி உங்களுக்கு."

என்னை அழைத்ததற்குக் காரணம் என் டிஜிட்டல் கேமரா. ஆகவே சுவரில் ஏறப்போவது நான் எடுக்கும் படம் என்று நானும் அண்ணையும் முடிவு கட்டிவிட்டோம். சந்தேகமே வரவில்லை. கொம்பை மாட்டலாம். கோழியை யாராவது மாட்டுவார்களா?

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். பல்கலைக்கழக நூலகத்தில் வேட்டைக் கையேடு ஒன்றைத் தேடிப்பிடித்து, அகராதியோடு உட்கார்ந்தேன். சுட்ட பிறகுதான் வேலையே இருக்கிறது என்றது புத்தகம். முக்கியமாக, உடம்புச் சூடு சீக்கிரம் இறங்க வேண்டும். இறகு கம்பளி மாதிரி, சூட்டை விடாது. இரவல் புத்தகம் என்பதால் அந்த வரியை மனதுக்குள் அடிக்கோடிட்டுக்கொண்டேன்.

விடிந்த கொஞ்ச நேரத்தில் சேவல் வந்தது. ஒரே வெடி. அது விழுந்ததும் அண்ணை எழுந்துவிட்டார்.

"ஓடிப் பிடியுங்கோ, எழும்பிப் பறந்திடும்!"

ஜெர்மன்காரர் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் பொறுக்க வேண்டுமாம், அதுதான் முறையாம்.

"நீங்கள் சிகரெட் குடிக்கிறேல்லையே," என்றார் அண்ணை.

"அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது," என்றார் அவர். நிமிஷத்துக்கொரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷம்.

பிறகு போனோம். ஜெர்மன்காரர் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்து, அசைவில்லை என்று உறுதி செய்துகொண்டார். காலில் இருந்த முள்ளைக் காட்டி, உயிர் போன பிறகும் உதறும், கிட்டே போகாதே என்றார். நான் படங்கள் எடுத்தேன். வெயில் பட்டதும் இறகெல்லாம் செம்பு நிறத்தில் மின்னியது.

"நிழலில் வையுங்கள், சூடு ஆறட்டும். நான் போய்க் காரைக் கொண்டுவருகிறேன். வரும் வழியில் ஒரு சின்னக் கிளையும் வெட்ட வேண்டும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அண்ணை வான்கோழியின் சிறகுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"நிழலிலை வைச்சா இது பின்னேரமானாலும் ஆறாது தம்பி. உம்மடை புத்தகம் என்ன சொல்லுது?"

"இறகுதாண்ணே சூட்டைப் பிடிச்சு வைக்கும்னு போட்டிருக்கு."

"பிறகென்ன? சட்டையைக் கழட்டிவிடுவம். சுடுதண்ணியில்லாமல் இறகு பிடுங்க ஏலாது. தோலோடை உரிப்பம்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் ஊர்க் கோழிக்கடையில் உரித்துத்தான் தருவார்கள். தோலோடு கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அண்ணை பையைத் திறந்தார். கத்தி, பலகை, ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஒரு பொட்டலம் மஞ்சள்தூள். மற்றவர்கள் குடை கொண்டுவருவது போல அவர் இதையெல்லாம் கொண்டுவந்திருந்தார். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் போனது. தோல் கோட்டு மாதிரி கழன்று வந்தது. பாட்டில் தண்ணீரில் நான் கழுவக் கழுவ அவர் வெட்டினார். கறிக்கு அளவான துண்டுகள், மஞ்சள்தூள் தடவி டப்பாக்களுக்குள் போயின.

ஜெர்மன்காரர் காரை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் ஒரு ஊசியிலைக் கிளையோடு வந்தார். மரத்தடியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"எங்கே?"

அண்ணை டப்பாவைத் திறந்து காட்டினார். "இங்கை. நல்லா ஆறிட்டுது."

அவர் முகம் போன போக்கை நான் படமெடுக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு, "தலை இருக்கிறதா?" என்று கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்டியிட்டு, அலகை மெல்லத் திறந்து, கிளையை அதற்குள் வைத்தார். சுட்ட உயிருக்குக் கடைசியாக ஒரு வாய் கொடுக்காமல் அனுப்பக்கூடாதாம். டப்பாக்களுக்கு முன்னால் மூவரும் தலை குனிந்து நின்றோம்.

அப்புறம்தான் சொன்னார். பறவைகளைப் பஞ்சடைத்துப் பாடம் செய்கிறவர் கடை திறந்து வைத்துக் காத்திருக்கிறார். சிறகு விரித்த முழு வான்கோழி. சோபாவுக்கு மேலே.

"முழுசாவோ? சுவரிலையோ?" அண்ணை தலையில் கைவைத்தார். "முதலே சொல்லியிருக்கலாமே!"

"இடத்தைக் காட்டினேனே!"

"நாங்கள் படமெண்டெல்லோ நினைச்சம்!"

ஜெர்மன்காரர் அழுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, அண்ணை அதற்குள் முழங்காலில் விழுந்து வாலைத் தேடி எடுத்துவிட்டார். ஓர் இறகுகூட ஒடியவில்லை. மார்பில் தொங்கும் முடிக்கற்றையும் தோலில் அப்படியே இருந்தது. அண்ணை காரோட்ட, ஜெர்மன்காரர் வாலைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கடைக்காரர் டப்பாவை முகர்ந்து பார்த்து, மஞ்சள்தூளைக் காட்டி, "இது என்ன மருந்து?" என்று கேட்டார். பிறகு வாலை விரித்துப் பார்த்து, பலகையில் விசிறியாகச் செய்து தரலாம் என்றார்.

கறியை அந்த ஞாயிறே அண்ணை வீட்டில் சாப்பிட்டோம். ஜெர்மன்காரர் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது மிளகாயால்தான் என்று அவரே சொன்னார். விசிறி வந்த அன்று அவர் மனைவி சோபாவில் ஏறி நின்று பார்த்தார். "இது அழகாக இருக்கிறதே! முழுப் பறவையென்றால் யார் தூசி தட்டுவது?" என்றார். கணவர் எங்களைப் பார்த்த பார்வையில் கோபம் கொஞ்சம் பாக்கி இருந்தது, ஆனால் சிரித்துவிட்டார்.

முழு வான்கோழியோடு அவர் நிற்கும் படத்தை நான் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். அனுமதி ஒன்றுக்குத்தானே, அதனால் அது கழிவறைக்குப் போகும் வழியில் தொங்குகிறது. விசிறிக்கும் பலகைக்கும் சட்டத்துக்கும் அண்ணையும் நானும் பாதிப் பாதி போட்டோம். மொத்தம் நூற்று அறுபத்தைந்து யூரோ.